வாளியை மூடிவிட்டுப் போய் வேறு வேலையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், குளிர்காலத்துக்கென்று ஒரு ஸ்டவுட் கிட், அதாவது வீட்டிலேயே கறுப்பு பீர் செய்கிற டப்பா, வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு வாரம் வாளியிலேயே விடப்போகிறேன் என்று போகிற போக்கில் இரண்டே வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இங்கிலாந்தில் இருக்கிற தமிழ் வீடுகளில் படிக்கட்டுக்கு அடியில் எத்தனை வாளி மூடியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்து எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை, கவலை வேண்டாம்.

கேள்வி: ஸ்டவுட் கிட் என்றால் என்ன? வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ் வராதா? (ஹாரோ)

வராது. 1963-க்கு முன்னால் என்றால் வீட்டில் காய்ச்சவும் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அந்த வருட பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். இப்போது உங்கள் வீட்டுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், வருகிறவர்களுக்கும் ஊற்றிக் கொடுக்கலாம். விற்கத்தான் கூடாது, பிறந்தநாள் பார்ட்டியில் 'ஒரு பவுண்டு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது உட்பட.

காய்ச்சுவது என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, கிட்டில் காய்ச்சுவதற்கு ஒன்றுமே இல்லை. முளைவிட்ட பார்லியை ஊறவைத்து, இனிப்பை இறக்கி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, பாகு மாதிரி வற்றச் செய்கிற வேலையெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் கைக்கு வருவது ஒன்றரைக் கிலோவிலிருந்து 1.7 கிலோ வரை எடையுள்ள டப்பா, அதன் மூடிக்கு அடியில் சின்னதாக ஒரு ஈஸ்ட் பாக்கெட். டப்பாவைத் திறந்தால் தார் மாதிரி கறுப்பாக இருக்கும். கரண்டியில் எடுத்துத் தூக்கினால் நூல் அறுந்துபோக மனமில்லாமல் தொங்கும். நக்கிப் பார்த்தால் முதலில் இனிப்பு, பிறகு கருகின காப்பிக்கொட்டை, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. ஸ்டவுட்டின் குணம் அந்தக் கருகல்தான். பார்லியைக் காப்பிக்கொட்டை போலக் கறுக்க வறுப்பதற்கு 1817-ல் டேனியல் வீலர் என்பவர் ஓர் உருளை அடுப்புக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். நாம் இன்று ஸ்டவுட் என்று சொன்னால் மனதில் வருகிற அந்தக் கன்னங்கறுப்பு அதற்குப் பிறகு வந்ததுதான்.

செய்முறை கஷ்டமில்லை. டப்பாவைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் நிற்கவிட்டால் பாகு இளகிவிடும். அதை வாளியில் ஊற்றி, இரண்டு மூன்று லிட்டர் கொதிதண்ணீர், ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துக் கரைத்து, குளிர்ந்த தண்ணீரால் 23 லிட்டர் வரை நிரப்புங்கள். 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் ஈஸ்டைத் தூவி மூடிவிடுங்கள். ஆல்கஹால் ஏறக்குறைய 4 சதவீதம் வரும். சர்க்கரைக்குப் பதில் அதே ஒரு கிலோ ஸ்ப்ரே மால்ட், அதாவது மால்ட் பொடி, போட்டால் போதை கூடாது, ஆனால் வாயில் தண்ணீராக ஓடாமல் கொஞ்சம் கனமாக நிற்கும். நான் முதல் தடவையே மால்ட் பொடி வாங்கச் சொல்லுவேன். வெறும் சர்க்கரை போட்ட ஸ்டவுட் கறுப்புத் தண்ணீர்தான்.

கேள்வி: வீட்டில் மாவு கரைக்கிற பெரிய வாளி இருக்கிறது. நன்றாகக் கழுவிவிட்டு அதையே பயன்படுத்தலாமா? (ஈஸ்ட்ஹாம்)

தயவுசெய்து வேண்டாம்.

இட்லி மாவை நாம் கையால் கரைக்கிறோம். அரிசியிலும் உளுந்திலும் இருக்கிற கிருமி, காற்றில் இருப்பது எல்லாம் சேர்ந்து புளிக்கவைக்கிறது, நமக்கு வேண்டியதும் அந்தப் புளிப்புதான். பீரில் பாக்கெட்டில் வந்த ஒரே ஒரு ஈஸ்டைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி கிடையாது. மாவு வாளியின் உட்பக்கத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் நூறு இருக்கும். ஒவ்வொரு கீறலிலும் போன பொங்கல் மாவின் வாரிசுகள் குடியிருக்கும். எத்தனை தடவை தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் கூடும்.

25 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும், மூடியுள்ள, சமையலறைக்குத் தகுந்த புது பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கி, பீருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நாரால் தேய்க்காதீர்கள், மெல்லிய துணி போதும். ஊறுகாய் ஜாடி கழுவின ஸ்பான்ஜையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. பாத்திரம் பளபளவென்று இருந்தால் முதல் வேலைதான் முடிந்திருக்கிறது. கிருமிநாசினிப் பொடி கரைத்த தண்ணீரில் வாளி, மூடி, கரண்டி, குழாய் எல்லாவற்றையும் நனைத்து, பொட்டலத்தில் சொன்ன நேரம் விட்டு, அலசச் சொல்லியிருந்தால் அலசி எடுங்கள்.

கேள்வி: அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வாளியைப் பார்த்ததிலிருந்து 'கள்ளச்சாராயம் குடித்துக் கண் போனவர்களைத் தெரியாதா' என்று அழுகிறார். இதில் விஷம் வர வாய்ப்பு உண்டா? (லெஸ்டர்)

அம்மா பயப்படுவதில் தப்பே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதை டிவியில் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் வரும். அங்கே கொன்றது மெத்தனால். அது புளிக்கவைத்ததில் தானாக ஊறி வந்ததல்ல, ஆலைகளுக்கான மெத்தனாலைக் கொண்டுவந்து கலந்தது. பார்லிப் பாகில் ஈஸ்ட் போட்டால் வருவது எத்தனால் (எந்த பீரிலும் இருக்கும் ஆல்கஹால்), கரியமில வாயு, கொஞ்சம் வாசனைச் சங்கதிகள். மெத்தனால் இருந்தாலும் பொருட்படுத்த முடியாத அளவுதான், கடையில் வாங்கும் பீரில் இருப்பது போல. அப்புறம் இங்கே நீங்கள் எதையும் வடிப்பதில்லை. வடித்து ஸ்பிரிட் எடுப்பது லைசென்ஸ் இல்லாமல் இந்த நாட்டில் குற்றம், அந்த ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் 'கள் இறக்குகிற மாதிரிதான், சாராயம் காய்ச்சுகிற மாதிரி இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். என் அம்மாவுக்கு அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது. அதற்காகச் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது பாட்டில் வெடிப்பது. அடுத்த கேள்வி அதுதான்.

கேள்வி: கிட்டோடு வந்த தாளில் ஆறு நாளில் பாட்டிலில் அடைக்கலாம் என்று போட்டிருக்கிறது. நீங்கள் இரண்டு வாரம் என்கிறீர்கள். யாரை நம்புவது? (க்ராய்டன்)

என்னையும் நம்பாதீர்கள், தாளையும் நம்பாதீர்கள். ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். பீரில் மிதக்கவிட்டு, சர்க்கரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற மீட்டர் அது, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்.

கதை சொல்கிறேன். என் முதல் ஸ்டவுட்டை ஏழாம் நாளே கண்ணாடி பாட்டிலில் அடைத்தேன். குமிழ் வருவது நின்றுவிட்டது, தாளும் சரி என்கிறது, வேறென்ன வேண்டும்? ஹைட்ரோமீட்டர் காட்டியது 1.018. கிட்டத்தட்ட இறங்கிவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். பத்து நாள் கழித்து இரவு ஒன்றரை மணிக்கு டமார் என்று ஒரு சத்தம், நாங்கள் எழுந்து விளக்கைப் போடுவதற்குள் இன்னொன்று. மொத்தம் மூன்று பாட்டில். பத்துக் கிலோ பொன்னி அரிசி ஸ்டவுட்டில் ஊறி, உள்ளே கண்ணாடித் துண்டு. அரிசியைத் தூக்கிக் கொட்டினது கூடப் பரவாயில்லை, மிச்ச பாட்டில்களை ஓவன் கையுறை போட்டு, முகத்தில் துண்டு கட்டி, ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மூடி திறந்ததை என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுவாள்.

என்ன நடந்தது என்றால், அந்த ஸ்டவுட் 1.012 வரை இறங்க வேண்டியது. பாக்கி ஆறு புள்ளி (0.001 என்பது ஒரு புள்ளி). ஒரு புள்ளி என்பது லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் சர்க்கரைக்குச் சமம், ஆக லிட்டருக்கு 15 கிராம் இன்னும் உள்ளே மிச்சம். நுரைக்காக நாம் வேண்டுமென்றே போடுவது லிட்டருக்கு 4, 5 கிராம்தான். நான் அதையும் போட்டுத் தொலைத்திருந்தேன். பாட்டில் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஹைட்ரோமீட்டரைப் பார்க்கிறதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. உயரமான குழலில் பீரை ஊற்றி உள்ளே விட்டு, தண்டைப் பிடித்துப் பம்பரம் போல லேசாகச் சுழற்றுங்கள். ஒட்டியிருக்கும் குமிழ்கள் உதிர்ந்தால்தான் சரியான எண் தெரியும், இல்லாவிட்டால் குமிழ் மீட்டரைத் தூக்கிப் பொய் சொல்லவைக்கும். திரவம் தண்டில் ஏறி வளைந்திருக்கும் இடத்தில் படிக்காமல் மட்டமாக இருக்கும் இடத்தில் படியுங்கள். ஸ்டவுட் கறுப்பு என்பதால் பின்னாலிருந்து டார்ச் அடித்தால்தான் எனக்குத் தெரிகிறது. பெரும்பாலான மீட்டர்கள் 20 டிகிரிக்குக் கணக்கிட்டவை. பத்தாம் நாள் ஒரு தடவை, பன்னிரண்டாம் நாள் ஒரு தடவை பாருங்கள், இரண்டும் ஒரே எண்ணாக இருந்து, அந்த எண்ணும் 1.014-க்குக் கீழே இருந்தால் முடிந்தது. அதன் பிறகும் இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள், ஈஸ்ட் தான் போட்ட குப்பையைத் தானே பெருக்கிவிட்டுத்தான் அடியில் படுக்கும். போதைக் கணக்கு வேண்டுமா? ஈஸ்ட் போடும் முன் பார்த்த தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.040-ல் தொடங்கி 1.010-ல் நின்றால் 3.9 சதவீதம்.

1.020-லேயே ஒரு வாரம் அசையாமல் நின்றால் அது முடிந்ததாக அர்த்தமில்லை, பெரும்பாலும் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டது. கொஞ்சம் சூடான அறைக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் வாளியை மெதுவாக ஒரு சுற்று ஆட்டிவிட்டு, நான்கு நாள் பொறுத்துப் பாருங்கள். அதற்கும் எழவில்லையென்றால் புது ஈஸ்ட் பாக்கெட் ஒன்று தூவுங்கள்.

பாட்டில் விஷயத்தில், முதல் இரண்டு மூன்று தடவைக்கு பிளாஸ்டிக்தான். கோலா வந்த பாட்டில் கூட போதும், கழுவிக் கிருமி நீக்கி, அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சர்க்கரை போட்டு அடையுங்கள். கையால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். கல் மாதிரி ஆனதும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். வெயில் படும் இடம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு நாளாகிறது, ஏர்லாக்கில் (வாயு வெளியேற மூடியில் செருகும் தண்ணீர்க் குழல்) ஒரு குமிழ் கூட வரவில்லை. கொட்டிவிடவா? (வெம்ப்ளி)

ஐயோ, கொட்டாதீர்கள். பத்தில் எட்டுத் தடவை வாளி மூடி சரியாக உட்காராமல் வாயு ஓரத்தால் போய்விடும், குமிழுக்கு வேலை இருக்காது. வெளிப்பக்கத்திலிருந்து விளக்கைப் பிடித்துப் பாருங்கள், திரவத்துக்கு மேலே சுவரில் பழுப்பாக ஒரு நுரை வளையம் ஒட்டியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது.

வளையமும் இல்லையென்றால் சூட்டைப் பாருங்கள். இட்லி மாவு பொங்காத வீட்டில் பீரும் பொங்காது. சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற அலமாரியில் மாவு வைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதே இடத்தில் பீர் வாளியை வைத்துவிட்டேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். மாவுக்கு அந்தச் சூடு சரி. பீருக்கு அதிகம். 28 டிகிரிக்கு மேல் போனால் வாழைப்பழ வாசமும் சாராய நெடியும் ஏறும், மறுநாள் தலை பிளக்கும். 18-லிருந்து 21 வரைதான் இதற்கு இதமான சூடு. ஹாலில் ரேடியேட்டரிலிருந்து தள்ளி, பழைய போர்வை ஒன்றைச் சுற்றி வைத்தால் போதும்.

கேள்வி: ஸ்டவுட் புளிக்கிறது. என் தங்கை கணவர் செய்ததில் மருந்துக்கடை வாசம். இரண்டு பேரும் ஒரே கிட்தான் வாங்கினோம். (மில்டன் கீன்ஸ்)

இரண்டும் வேறு வேறு வியாதி. உங்களுக்கு வந்தது கிருமி. வாளியின் அடியில் குழாய் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிப் பார்த்தீர்களா? திருகும் பகுதியை இழுத்தால் தனியாக வந்துவிடும், உள்ளே போன தடவை பீர் காய்ந்து பழுப்புப் பசையாக ஒட்டியிருக்கும். நான் முதல் முறை கழற்றிப் பார்த்த அன்று ஒரு வாரம் பீர் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவுங்கள். லேசான தயிர்ப் புளிப்பு என்றால் குடிக்கலாம், கெடுதல் செய்யாது. வினிகர் ஆகிவிட்டதென்றால் தோட்டத்துக்குத்தான்.

உங்கள் மச்சானுக்கு வந்தது குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், அல்லது சரியாக அலசாத கிருமிநாசினி. மால்ட்டில் இருக்கும் சில பொருள்களோடு குளோரின் சேர்ந்தால் அந்தக் காயத்து மருந்து வாசம் வரும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. கேம்டன் மாத்திரை என்று ஹோம்ப்ரூ கடையில் கிடைக்கும், அரை மாத்திரையை நசுக்கி 23 லிட்டர் தண்ணீரில் கலந்தால் சில நிமிடத்தில் குளோரின் அடங்கிவிடும். ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் தண்ணீரில் போட வேண்டும், பீரில் அல்ல.

கேள்வி: லயன் ஸ்டவுட் மாதிரி வர என்ன செய்யலாம்? கருப்பட்டி சேர்க்கலாமா? (டூட்டிங்)

நுவரெலியாவில் தொடங்கி இப்போது பியகமவில் தயாராகும் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். இலங்கையிலிருந்து வந்த எந்தச் சித்தப்பாவைக் கேட்டாலும் அதற்கு முன்னால் மற்றதெல்லாம் சோடா என்பார். கிட்டை வைத்து அந்த எண்ணை எட்ட முடியாது என்றில்லை. இரண்டு டப்பாவும் ஒரு கிலோ சர்க்கரையும் போட்டுத் தண்ணீரை 16 லிட்டரோடு நிறுத்தினால் பக்கத்தில் போகலாம். ஆனால் கிட் பாகில் ஏற்கெனவே ஹாப்ஸ் இருப்பதால் கசப்பு மூன்று மடங்காகிவிடும், வேப்பங்கொழுந்து அரைத்த மாதிரி. பாக்கெட்டில் வரும் ஐந்தாறு கிராம் ஈஸ்டுக்கும் அந்தச் சுமை அதிகம்.

நான் செய்வது இப்படி: ஒரு ஸ்டவுட் டப்பா, ஹாப்ஸ் சேர்க்காத கறுப்பு மால்ட் பாகு ஒன்றரைக் கிலோ, கருப்பட்டி அரைக் கிலோ, தண்ணீர் மொத்தம் 20 லிட்டர். ஐந்தரை சதவீதத்துக்குப் பக்கம் வரும். லயன் ஆகாது. ஆனால் இரண்டு மாதம் பாட்டிலில் கிடந்த பிறகு அந்தக் கருகின மால்ட்டுக்குப் பின்னால் கருப்பட்டிக் காப்பியின் மணம் எட்டிப் பார்க்கும் பாருங்கள், அதற்காகவே ஊரிலிருந்து வருகிறவர்களிடம் உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவரச் சொல்கிறேன். இலங்கைக்காரர்கள் கித்துல் பனை வெல்லம் சேர்த்தும் பார்க்கலாம். இனிப்பு நிற்கும் என்று நினைக்காதீர்கள், இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், மணம்தான் மிஞ்சும். கருப்பட்டியை அப்படியே போடாதீர்கள், கொதிதண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண்ணும் ஓலைத் துணுக்கும் இருப்பதைப் பணியாரம் சுடுகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: கின்னஸ் மாதிரி கெட்டி நுரை வரவே மாட்டேன் என்கிறது. (ரெடிங்)

வராது. பப்பில் வருகிற அந்தப் பாலாடை நுரை நைட்ரஜன் வாயுவால் வருவது, 1959-ல் அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. நைட்ரஜன் திரவத்தில் சுலபமாகக் கரையாது, அதனால் குமிழ் பொடிப்பொடியாக நிற்கும். காலி கின்னஸ் டப்பாவைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று உருளுகிறதே, அந்த பிளாஸ்டிக் உருண்டையும் அதற்காகத்தான். நம் பாட்டிலில் கரியமில வாயுதான், நுரை கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும். வாயில் வழவழப்பு வேண்டுமென்றால் 300 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, சேருங்கள், ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது, மில்க் ஸ்டவுட் என்பதே அதுதான். பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பீரில் மீன் சேர்ப்பார்கள் என்கிறார்களே? (பின்னர், லண்டன்)

பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையைக் காயவைத்துச் செய்த பசை ஒன்றை இங்கே பலகாலமாகச் சேர்த்து வந்தார்கள், கின்னஸ் கூட சில வருடங்களுக்கு முன்புதான் நிறுத்தியது. கன்னங்கறுப்பான ஸ்டவுட்டுக்குத் தெளிவு எதற்கு? கிட்டில் தனியாகத் தெளியவைக்கும் ஃபைனிங்ஸ் பாக்கெட் இருந்தால் சேர்க்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். சைவ ஸ்டவுட் தயார். ஏகாதசியன்று குடிக்கலாமா என்ற உங்கள் அடுத்த கேள்விக்கு ஆன்மிகப் பக்கத்தில் எழுதுபவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: திருநெல்வேலியில் இருக்கும் தம்பிக்கு ஒரு கிட் வாங்கி அனுப்பலாமா? (ஸ்லவ்)

அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, வீட்டில் மது தயாரிப்பது அங்கே குற்றம். தம்பி இங்கே வரும்போது நீங்கள் ஊற்றிக் கொடுங்கள்.

கேள்வி: பாட்டில் அடியில் சேறு மாதிரி படிந்திருக்கிறதே, அதைக் குடிக்கலாமா? (இல்ஃபோர்ட்)

அது ஈஸ்ட். குடித்தால் ஒன்றும் ஆகாது, ராத்திரி வயிறு கொஞ்சம் பேசும், அவ்வளவுதான். பாட்டிலை ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்து, அசைக்காமல், ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். இலங்கை வீடுகளில் ரொட்டியில் தடவித் தின்கிற மார்மைட்டும் பீர் ஆலையில் மிஞ்சிய இந்த ஈஸ்டிலிருந்து பிறந்ததுதான், இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில், 1902-ல். அதைப் படித்துவிட்டு நானும் ஒரு தடவை வாளி அடியில் இருந்ததை வழித்து, உப்புப் போட்டு, சட்டியில் வற்றவைத்துப் பார்த்தேன். வீடு முழுக்க அந்த வாசம் நான்கு நாள் போகவில்லை. சட்டியும் போய்விட்டது.